பற்றரிக் குச்சியும் வயற்சேறும்

வயலுக்குள்ளிருந்து இரண்டு வயர் வெளியே வந்தால், வன்னியில் யாரும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமாட்டார்கள். போன காலபோகத்தில், அதாவது மாரி நெற்செய்கையில், எங்கள் வயல் வரம்பில் நான் ஒரு பூவரசங்கட்டை நட்டு, அதில் ஒரு கறுப்பு வயரையும் ஒரு சிவப்பு வயரையும் சுற்றி வைத்திருந்தேன். முதலில் கண்டவர் பக்கத்து வயல் ஐயா. தண்ணீர் பார்க்க வந்தவர் வரம்பிலேயே நின்றுவிட்டார். ஓர் எட்டுக்கூட எடுத்து வைக்காமல் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, "பிள்ளை, உங்கட வயலுக்க வயர் கிடக்கு. ஒருத்தரும் இறங்காதேங்கோ" என்று குரல் கொடுத்தார்.

அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். போர் முடிந்து 2010இல் ஊருக்குத் திரும்பி வந்தபோது எல்லாரிடமும் இருந்த குரல் அது. நான் ஓடிப்போய், "ஐயா, அது நான் வைச்சது, பயப்பிடாதேங்கோ" என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் வந்த வழியே பார்த்துப் பார்த்துத்தான் திரும்பிப் போனார்.

பின்னேரம், இரண்டு வீடு தள்ளியிருக்கிற அக்கா வந்தார். பல வருடமாகக் கண்ணிவெடி அகற்றும் வேலைக்குப் போகிறவர். குந்தியிருந்து வயர் போகும் பாதையைப் பார்த்தார். எவ்வளவு ஆழம் என்று கேட்டார். ஒரு சாண் என்றேன். "தெரியாத வயரைத் தொடாதேங்கோ, கிட்டப் போகாதேங்கோ எண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கினம். ரீச்சர் நீங்களே இப்பிடி வைச்சால்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாள் அவரே நீல ரிபன் ஒரு சுருள் கொண்டுவந்து தந்தார். "சிவப்பு வேண்டாம். சிவப்பெண்டால் சனம் ஓடும்." நீல ரிபன் கட்டி, பலகையில் 'பாடசாலை விஞ்ஞானப் பரிசோதனை, ஆபத்து இல்லை' என்று எழுதி, சுற்றியுள்ள ஏழு வயற்காரர் வீட்டுக்கும் நடந்துபோய்ச் சொன்ன பிறகுதான் வேலை தொடங்கியது. இந்த மண்ணில் நிலத்துக்குள் எதைப் புதைப்பதானாலும் முதல் வேலை இதுதான் என்பதை, இதைச் செய்ய நினைக்கும் வேறு ஆசிரியர்களுக்கும் சொல்லி வைக்கிறேன்.

அந்த வயர்களின் மறுநுனியில் இருந்தவை கரிக்குச்சிகள். பழைய ரோச் லைற் பற்றரிகளை உடைத்து எடுத்தவை. சேற்றுக்குள் பன்னிரண்டு, மேலே தண்ணீர் மட்டத்தில் பன்னிரண்டு. சேற்றில் வாழும் நுண்ணுயிர்களிடமிருந்து மின் எடுத்துப் பார்க்கத்தான் இவ்வளவும்.

பற்றரிக் குச்சியைக் கையில் எடுத்தால் எனக்கு அப்பாவின் ஞாபகம் வராமல் போகாது. 1990களில் எங்கள் பக்கத்துக்குப் பற்றரி வராது; தடைப் பட்டியலில் இருந்த சாமான்களில் அதுவும் ஒன்று. மண்ணெண்ணெயும் அளந்துதான். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், மூடியில் ஓட்டை போட்டு ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் நான் ஐந்தாம் வகுப்புப் படித்தேன். செத்துப்போன பற்றரியை அப்பா எறியமாட்டார். கூரையில் வெயிலில் காயப்போடுவார். ஆணியால் ஓட்டை குத்தி உப்புத் தண்ணீர் விடுவார். ஒரு கிழமை உயிர் வந்தமாதிரி இருக்கும், பிறகு முழுக்கப் போய்விடும். அப்போதுதான் உடைப்பார். கரிக்குச்சி எனக்கும் தங்கச்சிக்கும். அதால் சிமெந்துத் தரையில் எழுதிப் பழகினோம்.

பற்றரி ஒன்றுமே இல்லாத மாதங்களில் சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றுவது என் வேலை. அந்த டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. அதிலிருந்து வருவது ஆடலோட்டம், ரேடியோவுக்கு நேரோட்டம் வேண்டும். அதற்காகப் பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய டயோட்டுகளை அப்பா ஒரு தீப்பெட்டிக்குள் வைத்துப் பொருத்தியிருந்தார். இரவில் பிபிசி தமிழோசை, சில நாள் வெரித்தாஸ் வானொலி. முற்றத்தில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். கை சோர்ந்து நான் மெதுவானால் செய்தி வாசிப்பவரின் குரல் தாழ்ந்துபோகும், உடனே யாராவது ஒரு மாமா எழும்பி வந்து பெடலை வாங்கிக்கொள்வார்.

இன்றைக்கு யோசித்தால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. அதே டைனமோவால் ஒரு பல்ப்பை எரித்திருக்கலாம். அது சைக்கிள் லைற்றுக்காகச் செய்யப்பட்டதுதானே. எங்கள் வீட்டில் ஒருநாளும் எரித்ததில்லை. வெளிச்சத்துக்கு ஜாம் போத்தல் போதும் என்று இருந்தோம். கரண்டைச் சேதிக்கு வைத்திருந்தோம். எந்தப் பாதை திறந்தது, எங்கே ஷெல் விழுந்தது, கப்பல் வந்ததா என்று தெரியாமல் படுக்க முடியாது.

இனி சேற்றுக்கு வருகிறேன்.

நாங்கள் சோறு சாப்பிட்டு மூச்சு விடுவதை இரசாயனமாகப் பார்த்தால், உணவிலிருந்து இலத்திரன்களைக் கழற்றி ஒட்சிசனிடம் கொடுப்பதுதான். கழற்றுகிற இடத்துக்கும் கொடுக்கிற இடத்துக்கும் நடுவில் கிடைக்கும் சக்தியில் உயிர் ஓடுகிறது. தண்ணீர் கட்டிய வயலில் சேற்றின் மேல் சில மில்லிமீற்றருக்குக் கீழே ஒட்சிசன் இல்லை. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் வேறு யாரிடமாவது இலத்திரனைக் கொடுக்க வேண்டும். சில நைத்திரேற்றிடம் கொடுக்கும். சில சல்பேற்றிடம் கொடுக்கும். சேற்றைக் கிளறும்போது வரும் கூழ்முட்டை மணம் அதிலிருந்து வருவது. சில இரும்புத் துருவிடம் கொடுக்கும். இந்தக் கடைசிக் கூட்டத்துக்கு ஒரு சிக்கல். ஒட்சிசனும் நைத்திரேற்றும் கரைந்து உடலுக்குள் வந்துவிடும். துரு ஒரு திண்மம், கலத்துக்குள் வராது. ஆகவே இலத்திரனைத் தன் உடம்புக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட ஒன்றை 1987இல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றுச் சேற்றிலிருந்து டெரெக் லவ்லி என்ற நுண்ணுயிரியலாளர் கண்டார். பின்னாளில் அதற்கு ஜியோபக்ரர் என்று பெயர் வந்தது. அடுத்த ஆண்டே கென்னத் நீல்சனின் குழு நியூயோர்க் மாநிலத்து ஒனைடா ஏரியிலிருந்து, மங்கனீசு ஒட்சைட்டுக்கு இலத்திரன் கொடுக்கும் ஷெவனெல்லாவைப் பற்றி எழுதியது. துருவுக்குக் கொடுக்கத் தெரிந்ததற்கு, துரு இருந்த இடத்தில் ஒரு கரிக்குச்சியை நட்டால் அதற்கும் கொடுக்கத் தெரியும். குச்சியிலிருந்து ஒரு வயரை மேலே எடுத்து, ஒட்சிசன் இருக்கும் தண்ணீர் மட்டத்தில் இன்னொரு குச்சியோடு இணைத்தால் இலத்திரன் அந்த வயர் வழியாக ஏறும். இதுதான் நுண்ணுயிர் எரிபொருட்கலம். சேற்றுக்குள் இருப்பது அனோட்டு, மேலே இருப்பது கதோட்டு. கருத்து புதியதும் அல்ல. டேர்ஹம் பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் எம். சி. பொற்றர், நுண்ணுயிர்கள் பொருட்களைச் சிதைக்கும்போது மின் உண்டாவதை 1911இலேயே அளந்து எழுதியிருக்கிறார்.

உயர்தர மாணவர்களுக்கு நான் இதைச் சமன்பாட்டோடுதான் சொல்வேன். வினாகிரியின் புளிப்போடு சம்பந்தப்பட்ட அசற்றேற்று என்ற பொருளின் ஒரு மூலக்கூறு முழுதாக ஒட்சியேறினால் எட்டு இலத்திரன். சேற்றில் அசற்றேற்று எங்கிருந்து வரும்? மக்கிய வைக்கோல், சாணம், நெல்வேர் கசியவிடும் சர்க்கரை எல்லாவற்றையும் வேறு பற்றீரியாக்கள் உடைக்கும்போது வரும். நாற்றுப் பிடுங்கியவர்களுக்குத் தெரியும், வேரைச் சுற்றித் துருநிறத்தில் ஒரு பூச்சு இருக்கும். வேர் வெளியே விடும் ஒட்சிசனால் சேற்று இரும்பு அங்கே துருவாகிறது. அதாவது இந்தப் பற்றீரியாக்களுக்குத் தீனியும் மூச்சும் இரண்டுமே நெல் வேரடியில் இருக்கின்றன. எங்கள் வயல்களில் இவை எத்தனை காலமாக வேலை செய்துகொண்டிருக்கின்றன என்று நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்ந்து போகிறது.

இலத்திரனை எப்படி வெளியே கடத்துகின்றன என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள். ஜியோபக்ரரின் உடம்பிலிருந்து நீளும் மயிர்போன்ற இழைகள் மின்னைக் கடத்துகின்றன என்று 2005இல் எழுதினார்கள். 2019இல் அந்த இழைகளை மிக நுணுக்கமாகப் படம்பிடித்தபோது, அவை ஹீம் வரிசையாக அடுக்கப்பட்ட புரதக் கோர்வைகளாக இருந்தன. ஹீம் என்பது எங்கள் இரத்தத்தைச் சிவப்பாக்கும் அதே இரும்புக் கூட்டு. இதை வகுப்பில் சொன்ன நாளில் பிள்ளைகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

செய்துபார்த்த கதை நேரான கதை அல்ல. முதல் தடவை குச்சிகளைக் கட்ட, கடையில் வாங்கிய நாகம் பூசிய கம்பியைப் பயன்படுத்தினேன். சேற்றில் நட்ட உடனேயே மல்ரிமீற்றர் 0.9 வோல்ற்று காட்டியது. பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் கையை உயர்த்தி, "ரீச்சர், கம்பியில இருக்கிற நாகமும் கரியும் ஈரத்துக்குள்ள சேர்ந்தால் அது பழைய பற்றரிதானே?" என்றாள். முழுக்கச் சரி. நாகமும் கரியும்தான் ரோச் பற்றரி. நாங்கள் அளந்தது நாகம் கரையும் மின். பற்றீரியாவுக்கு அதில் பங்கில்லை. எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்தோம்.

இரண்டாம் தடவை செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், யாருக்காவது உதவும். குச்சியில் ஒட்டியிருக்கும் கறுப்புத் தூள் மங்கனீசு ஈரொட்சைட்டு. அதுவே இலத்திரன் வாங்கக்கூடியது, அளவீட்டைக் குழப்பும். கையுறை போட்டுச் சுரண்டி, கழுவி, அந்தத் தூளை வயலில் கொட்டாமல் ஒரு போத்தலில் அடைத்து வைத்தோம். குச்சிக்குள் மெழுகு ஏற்றியிருப்பார்கள். அதை அடுப்புத் தணலில் புகை அடங்கும்வரை சுட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்றீரியா ஒட்டுவதற்கு வாகான முகம் கிடைக்காது. வயர் சேரும் பித்தளைத் தொப்பியின் மேல் அரல்டைற் பசை பூசி ஒரு நாள் காயவிட்டோம். செம்போ பித்தளையோ சேற்றைத் தொட்டால் அது தனியாக அரிக்கும், பற்றீரியாவுக்கும் நஞ்சு.

வயலுக்கு முன்னால் அம்மாவின் குசினியில் இரண்டு பிளாஸ்ரிக் வாளி வைத்தோம். ஒன்றில் வயற்சேறு. மற்றதில் அதே சேற்றை மூன்று மணிநேரம் அவித்து ஆறவிட்டது. அம்மாவுக்கு அவருடைய பெரிய பானையில் சேறு அவித்தது பிடிக்கவே இல்லை, ஆனால் இரண்டு வாளிக்கும் நாள்தோறும் ஒரே அளவு கஞ்சித் தண்ணீர் விட்டது அவர்தான். முதல் நாள் இரண்டிலும் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாளிலிருந்து அவிக்காத சேறு ஏறத் தொடங்கியது. பதினாறாம் நாள் 0.52 வோல்ற்று. அவித்தது 0.1ஐத் தாண்டவில்லை. குச்சியின் மேல் பற்றீரியா படலமாக வளர்ந்து பிடிக்க எடுக்கும் நாட்கள் அவை. அன்றைக்குக் கைதட்ட எங்களுக்கு உரிமை இருந்தது.

வயலில் வைத்த பிறகு, ஆயிரம் ஓம் தடையி ஒன்றைப் போட்டு அளந்தால் 0.15 வோல்ற்று. அதாவது 0.15 மில்லி அம்பியர். பெருக்கினால் ஏறக்குறைய 22 மைக்குரோ வாற்று. அப்பாவின் டைனமோ 3 வாற்று. அதற்கு ஈடாக இப்படி 1,36,000 கட்டு நடவேண்டும். ஒன்றோடொன்று தொடராக இணைத்து வோல்ற்றைக் கூட்டலாமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒரே வயல் தண்ணீருக்குள் அது சரிவராது, தண்ணீரே எல்லாவற்றையும் இணைத்துவிடும். தனித்தனி வாளியில் வைத்தால், தீனி குறைந்த ஒரு வாளி தலைகீழாகத் திரும்பி மற்றவற்றின் மின்னைக் குடிக்கும். மின்னைச் சேர்த்து வைக்கும் கொள்ளளவி ஒன்றில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, வோல்ற்றை உயர்த்தும் சின்னச் சுற்று வழியாக இடைக்கிடை செலவழிப்பதுதான் வழி.

ஆகவே வயற்சேற்றால் ஊருக்கு வெளிச்சம் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் உடன்படமாட்டேன். கரண்ட் இல்லாமல் இருபது வருடம் இருந்த சனத்துக்கு அப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுப்பது பாவம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்தபோது எங்கள் ஊரில் கைகொடுத்தவை கூரைச் சூரியப் படலங்கள்தான். வெளிச்சத்துக்கு அதுவே போதும், நன்றாகவும் வேலை செய்கிறது.

சேற்று மின் வேறொன்றுக்குப் பொருத்தம். அது சேதிக்கு.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுபோகத்தில், எங்களுக்கு மேலேயுள்ள சின்னக் குளத்தில் மீன் செத்து மிதந்தது. மணம் வந்த பிறகுதான் ஊருக்குத் தெரியும். அதற்குள் மாடுகள் குடித்துவிட்டன, பிள்ளைகள் குளித்துவிட்டார்கள். தண்ணீரைப் போத்தலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பதில் வந்தபோது குளத்தில் தண்ணீரே மாறிவிட்டது. வன்னிக் குளங்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல. மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்க்குளத்துக்கு வரும், கீழ்க்குளத்துக் கழிவாய்க்கால் அடுத்த குளத்துக்கு. மேலே நடந்தது கீழே இருப்பவனுக்கு நேரத்தோடு தெரியவேண்டும்.

தண்ணீரில் அழுகும் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் சோதனைக்கு ஐந்து நாள் தேவை. மாதிரியை மூடி, இருட்டில், 20 பாகை செல்சியசில் வைத்து, எவ்வளவு ஒட்சிசன் குறைந்தது என்று பார்ப்பார்கள். எங்கள் வெயிலில் 20 பாகைக்குத் தனிப் பெட்டி வேண்டும், அதற்கு வெட்டில்லாத கரண்ட் வேண்டும். இந்தப் பற்றீரியாக்களோ தீனி கூடினால் கூடுதலாக மின் விடுகின்றன, குறைந்தால் குறைக்கின்றன. அந்த ஏற்ற இறக்கத்தை அளந்தே தண்ணீரின் நிலையை மணிக்கணக்கில் சொல்லிவிடலாம். தென்கொரியாவில் பியுங் ஹொங் கிம் என்பவரின் குழு இப்படி ஒரு கருவியைச் செய்தது. அது ஐந்து ஆண்டுக்கு மேலாக நிலையாக ஓடியதாக 2003இல் எழுதினார்கள். உணர்கருவியே உயிருள்ளது, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து ஆள் வந்து மாற்றவேண்டிய சாமான் எங்கள் ஊரில் நிலைக்காது. தானே வளர்வது நிலைக்கும்.

நஞ்சு வந்தாலும் காட்டும். பாதரசம், ஈயம், சில பூச்சிநாசினிகள் பற்றீரியாவின் மூச்சைக் குறைக்கும், மின் சட்டென்று விழும். என்ன நஞ்சு என்று அதால் சொல்ல முடியாது. தீனி குறைந்து விழுந்ததா, நஞ்சால் விழுந்ததா, தண்ணீர் வற்றிச் சேற்றுக்குள் காற்றுப் புகுந்து விழுந்ததா என்பதையும் ஓர் இலக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வெயிலேறினால் கூடும், இரவில் இறங்கும். ஆகவே இது ஆய்வுகூடத்துக்கு மாற்று அல்ல. எப்போது போத்தலில் தண்ணீர் பிடிக்கவேண்டும் என்று சொல்லும் காவல்நாய். மீன் மிதந்த அன்றைக்கு எங்களிடம் இல்லாமல் போனது அந்தக் குரைப்புத்தான்.

செய்தி அனுப்பச் சக்தி போதுமா? 2008இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்து லெனி ரெண்டரின் குழு, ஆற்றடிச் சேற்றின் மின்னால் மட்டும் ஓடும் ஒரு வானிலை மிதவையைப் பற்றி எழுதியது. காற்றின் வெப்பம், அமுக்கம், ஈரப்பதம், தண்ணீரின் வெப்பம் நான்கையும் அளந்து வானொலியில் அனுப்பும். அதன் தேவை சராசரியாக 18 மில்லி வாற்று. முதலில் அதை வைத்த இடம் பொட்டோமாக் ஆறு, ஜியோபக்ரர் கிடைத்த அதே ஆறு. இதை வாசித்தபோது நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன். 18 மில்லி வாற்றில் ஒரு சேதி. எங்கள் முற்றத்து ரேடியோவும் இப்படித்தானே.

ஆனால் வெளிச்சத்துக்கு இல்லை என்று நான் அடித்துச் சொன்னதில் ஒரு விலக்கு உண்டு, அதைச் சொல்லாமல் விட என் மனம் கேட்காது. இங்கிலாந்தின் பிறிஸ்ரலில் யோனிஸ் இயெரோபூலொஸ் என்பவரின் குழு சேற்றுக்குப் பதில் சிறுநீரைத் தீனியாகக் கொடுத்து, 2013இல் ஒரு கைத்தொலைபேசிக்கு மின்னேற்றிக் காட்டியது. பிறகு அகதி முகாம் கழிப்பறைகளை மனதில் வைத்துச் சிறுநீரால் எரியும் விளக்கைச் செய்தார்கள். 2017இல் உகண்டாவில் ஒரு பெண்கள் பாடசாலைக் கழிப்பறையில் அதைப் பொருத்தினார்கள். 2009இல் செட்டிகுளத்து முகாமில் நாங்கள் இருந்தோம். இருட்டிய பிறகு கழிப்பறைக்குத் தனியாகப் போகமாட்டோம். ஐந்தாறு பேர் சேரும்வரை கூடார வாசலில் காத்திருப்போம். அம்மா மத்தியானத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார். அதனால் வந்த வருத்தம் இன்றைக்கும் அவருக்கு இருக்கிறது. அந்தக் கழிப்பறைக் கதவடியில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்திருந்தால் அது எத்தனை வாற்று என்று நான் கணக்குப் பார்த்திருக்கமாட்டேன்.

நெல்லோடு சேர்ந்த இன்னொரு விஷயம். சேற்றில் கால் வைக்கும்போது குமிழி வரும், அது மெதேன். இரவில் சதுப்பில் தெரியும் நெருப்பைக் கொள்ளிவாய்ப் பேய் என்று அம்மம்மா சொல்வார். அதற்குக் காரணமாகப் பலர் காட்டுவதும் இந்த வாயுவைத்தான். வயல் விடும் மெதேன் பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் ஒன்று. டென்மார்க்கின் ஓகஸ் பல்கலைக்கழகத்தில் 2012இல் விவரித்த ஒரு வகைப் பற்றீரியா, ஆயிரக்கணக்கில் தலையோடு வால் சேர்ந்து சென்ரிமீற்றர் நீளத்துக்கு உயிருள்ள வயராக நிற்கும். கேபிள் பற்றீரியா என்கிறார்கள். அவற்றை நெற்சாடிகளில் சேர்த்தபோது மெதேன் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்ததாக 2020இல் ஓர் ஆய்வு வந்தது. சாடியில் நடந்தது வயலில் நடக்குமா என்பது வேறு கேள்வி. கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, இரணைமடுக் குளம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால், தயவுசெய்து எங்கள் சேற்றை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

எங்கள் வயலில் காலையும் பின்னேரமும் மல்ரிமீற்றரைப் பிடித்து இலக்கத்தை எழுதுவது அம்மா. நான் பாடசாலை விடுதியில் இருக்கிற நாட்களில் தொலைபேசியில் சொல்வார். "இண்டைக்குப் பூச்சியம் தசம் ஒண்டு நாலு." சேறு அவித்ததற்கு ஏசியவர், இப்போது இலக்கம் குறைந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தமாதிரிக் கவலைப்படுகிறார்.

மார்கழியில் ஒரு கிழமை, 0.15 இருந்தது மூன்று நாளில் 0.04க்கு விழுந்தது. சனிக்கிழமை வந்து கொப்பியைப் பார்த்தேன். இலக்கங்களுக்குப் பக்கத்தில் அம்மா தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: திங்கள், வாய்க்கால் தண்ணி மறிச்சது. செவ்வாய், மேல் வயல் ஐயா மருந்து அடிச்சது. புதன், மழை இல்லை. எதனால் விழுந்தது என்று என்னால் பிரிக்க முடியவில்லை. தண்ணீர் திரும்பவும் வந்து, ஆறாம் நாள் 0.11க்கு ஏறியது.

ஐயாவிடம் போய்க் கேட்டேன். என்ன மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு. வெற்றுப் போத்தலை எடுத்துவந்து காட்டினார். குற்றம் சாட்ட வந்தேன் என்று நினைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. "அந்த மருந்து உங்கட வயலுக்கும் வந்ததோ?" என்று அவர்தான் திருப்பிக் கேட்டார். தெரியவில்லை ஐயா, இன்னும் இரண்டு போகம் பார்க்கவேணும் என்றேன். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாய்க்கால் பக்கம் பார்த்தபடி நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பின்னேரம், முதல் நாள் பயத்தோடு நின்ற அதே வரம்பில் நின்று அவர் எங்கள் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தது கேட்டது. "தங்கச்சி, நாளைக்குக் காலமை மருந்து அடிக்கிறன். கொப்பியில எழுதி வையுங்கோ."

அம்மா பேனையைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.